மஞ்சள் பறந்த வீடு

போன டிசம்பரில் நொல்பெர்த்தோ ஓயர்சுன்
தானே ஏணி சாத்தி
தானே பூசினார் மஞ்சள்.
புதுத் துத்தநாகத் தகடு,
தரையிலிருந்து கூரைவரை நெளிநெளியாகப் பளபளத்தது.
தெருவில் நின்று கேட்டேன்:
கழுவினீர்களா, பிரைமர் அடித்தீர்களா?
"புதுசுக்கு எதற்கு எர்சிலியா அதெல்லாம்?
நோய் வந்தவனுக்குத்தானே மருந்து?"
ஞாயிற்றுக்கிழமை மகள் பட்டம் வாங்கி வருகிறாள்.
அதற்குள் முடிய வேண்டும்.
முடிந்தது.
வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

புதுத் தகடு எதையும் சேர்த்துக்கொள்ளாது.
ஆலையில் தடவிய எண்ணெய்
கண்ணுக்குத் தெரியாமல் அதன்மேல் இருக்கும்.
பெயிண்ட் அதில் உட்கார்ந்திருக்கும்
பேருந்துக்குக் காத்திருப்பவர்போல,
பையை மடியிலேயே வைத்துக்கொண்டு.

எங்கள் காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
புன்டா அரேனாஸில் மரங்கள்கூட
ஒரே பக்கமாய்த் தலை வாரியிருக்கும்.
சில நாட்களில் தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
ஜனவரி இருபதோ இருபத்தொன்றோ,
அந்தக் காற்று ஓயர்சுன் வீட்டு மூலையில்
நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடம் கண்டது.
அப்புறம் உரித்தது,
வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல.
சுருள் சுருளாக மஞ்சள்
தெரு தாண்டியது, நாய்மேல் ஒட்டியது,
எதிர்வீட்டு ஸ்லாதா வுகாசோவிச்சின்
துணிக்கொடியில் போர்வையோடு போர்வையாகத் தொங்கியது.
அந்த அம்மாள் ஒரு கூடை நிறையப் பொறுக்கி
அவர் வாசலில் வைத்தார்.
"உன் வீடு என் வீட்டுக்கு வந்திருந்தது."

பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டார்.
மருந்துப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

நான்கு நாள். மிச்சத்தைச் சுரண்டினேன்.
வினிகர் கலந்த நீரால் கழுவினேன்,
தெரு முழுக்க ஊறுகாய் வாசம்.
உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைக் கொன்றேன்.
பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்:
முத்துமுத்தாய் நின்றால் எண்ணெய் இருக்கிறது,
மறுபடி கழுவு.
ஐந்தாம் முறை தண்ணீர் விரிந்து படுத்தது,
களைத்து வந்தவள் கட்டிலில் விழுவதுபோல.
காற்று ஓய்ந்த காலையில் அடித்தேன் பிரைமர்.

சாம்பல்.
கடல் சாம்பலோ புறாச் சாம்பலோ அல்ல,
சும்மா சாம்பல்.
போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றார்கள்.
"இதுவா நிறம்?"
இது நிறம் இல்லை.
"பின்னே?"
பிடிப்பு.

மஞ்சள் வாங்குகிற வாரத்தில்
அவருடைய நண்டுப் படகின் எஞ்சின் போயிற்று.
டின்னில் எழுதியிருக்கிறது,
முப்பது நாளுக்குள் மேல்பூச்சு.
மார்ச், ஏப்ரல்.
மே மாதத்தில் தபால்காரர் சொன்னார்,
"அந்தச் சாம்பல் வீட்டிலிருந்து இடப்பக்கம்."
ஜூலைப் பனியில் அந்த வழியாக வேன் ஓட்டும்போது
நான் வேறு பக்கம் பார்த்தேன்.
உள்ளாடையோடு வெளியில் நிற்கவிட்ட ஆளைப்
பார்ப்பது மாதிரி இருந்தது.

அக்டோபரில் அழைப்பு வந்தது.
சுவரில் உள்ளங்கை வைத்து இழுத்தேன்.
கை முழுக்கச் சாம்பல் மாவு.
மறுபடி உப்புத்தாள், மறுபடி முதல் கோட்டு,
கூலி கேட்கத் தயங்கினேன்.

பின்பக்கம், சமையலறை ஜன்னலுக்குக் கீழே,
நீல மார்க்கரில் ஒரு கணக்கு எழுதியிருந்தார்,
குளிர்காலம் முழுக்க அடித்து அடித்து:
எஞ்சின். எஞ்சின். விறகு.
மஞ்சள், ஆறு டின்.
எர்சிலியா, இரண்டாம் தடவைக்கு.
கடைசியில், அடிக்காமல்:
எர்சிலியா, டிசம்பரில் சொன்னதற்கு, ஐயாயிரம்.

மார்க்கர் பொல்லாதது.
சாதாரண பிரைமரில் ஊறி மேலே வரும்,
மஞ்சளைத் தாண்டியும் வரும், பச்சையாக.
கறையடைக்கிற டின் வேனில் இருக்கிறது.
எடுக்கப் போனேன்.
பின்கதவு காற்றில் திறந்து மூடியபடி இருந்தது.
சாத்திவிட்டு வந்து
சாதா டின்னையே கிளறினேன்.

எதிர்வீட்டில் ஸ்லாதா
கொடியிலிருந்து துணிகளை எடுக்கிறார்,
ஒவ்வொன்றாக,
என்னைப் பார்த்துக்கொண்டே.